அப்பாவோட வாட்ச்!

“சொந்த ஊர் எது சார்?” என்று யாராவது கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

“புதுச்சேரி” என்று சொல்லி முடிப்பதற்குள் எதிராளி முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள்... ஒரு கண் லேசாகச் சிமிட்டும். கட்டை விரல் தானாக உதட்டுப் பக்கம் போகும். “ஹி... ஹி... குடுத்து வெச்சவர் சார் நீங்க!”

எனக்கு வேலை சென்னையில், கிண்டியில் ஒரு தனியார் கம்பெனி. அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பையைத் தூக்கினால் போதும், ஆளாளுக்கு என் மேஜையைச் சுற்றி வந்து காதில் ஆர்டர் சொல்வார்கள். ஆபீஸ் டூர் என்றால் கூட்டுறவு மனப்பான்மையோடு வேலை பிரிப்பார்கள்... ஒருத்தருக்கு வேன், ஒருத்தருக்குச் சாப்பாடு, எனக்கு ‘அந்த டிபார்ட்மென்ட்’. அடியேன் இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற ரகம். சொன்னால் எவன் நம்புகிறான்?

இத்தனைக்கும் என் ஊர் கடற்கரை, பிரெஞ்சுத் தெரு, மஞ்சள் பெயின்ட் அடித்த பங்களா எதுவும் இல்லாத திருக்கனூர். புதுச்சேரி என்பது ஒரே துண்டாக இருக்கிற நிலம் இல்லை. தமிழ்நாட்டுக்கு நடுவே பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. எங்கள் பக்கம் சைக்கிளில் போகிறவன் வயலைத் தாண்டினால் வேறு மாநிலம், வாய்க்காலைத் தாண்டினால் மறுபடியும் சொந்த மாநிலம். கரும்பு, நெல், வேர்க்கடலை. எங்கள் ஊர்க் காகிதக் கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பக்கத்துத் திருவக்கரையில் 2 கோடி வருஷத்துக்கு முன்னால் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. இதையெல்லாம் ஒருத்தரும் கேட்க மாட்டார். “குவார்ட்டர் என்ன விலை?”

சரி, இப்படி நெற்றியில் முத்திரை குத்தப்பட்டு நொந்து போனவன், அடுத்தவன் நெற்றியில் முத்திரை குத்துவானா?

குத்தினேன் சார். நல்லா அழுத்தியே குத்தினேன்.

2023 ஜனவரி 21. சனிக்கிழமை, தை அமாவாசை. அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வில்லியனூர் போயிருந்தேன். திருக்காமீஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டு, அத்தை வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பிட்டு, ஊருக்குத் திரும்பும்போது ராத்திரி ஒன்பதரை. அமாவாசை இருட்டு. பத்துக்கண்ணைத் தாண்டி ரோட்டின் ரெண்டு பக்கமும் கரும்பு. திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

எழுந்து பார்த்தால் எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, அதோடு சரி. தலையில் ஹெல்மெட் இருந்தது. என் தலையில்! ‘பக்கத்துலதானே போறோம்’ என்று அப்பாவுக்கு வாங்காமலே விட்டிருந்தேன். அப்பா ரோட்டோரம் குப்புறக் கிடந்தார். தலையிலிருந்து ரத்தம் காதோரமாக இறங்கி வெள்ளைச் சட்டை காலரை நனைத்துக்கொண்டிருந்தது. இடது மணிக்கட்டு தப்பான பக்கம் திரும்பியிருந்தது.

கையைக் காலை ஆட்டி வண்டிகளை நிறுத்தப் பார்த்தேன். முதல் கார் வேகத்தைக் குறைத்தது, ஹெட்லைட்டில் எங்களைப் பார்த்தது, வேகத்தைக் கூட்டியது. பின் கண்ணாடியில் ‘அன்பே கடவுள்’ என்று ஸ்டிக்கர். ரெண்டாவது கார் நிற்கவே இல்லை. மூன்றாவது காரில் கண்ணாடி நாலு விரல்கடை இறங்கி, “108-க்கு போன் பண்ணுங்க சார்” என்று நல்ல தமிழில் யோசனை வந்தது. என் போன் எங்கே விழுந்தது என்று எனக்கே தெரியாது. அதைச் சொல்வதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது.

அந்தக் கார்க்காரர்களைத் திட்டலாம்தான். ஆனால் ரெண்டு வருஷத்துக்கு முன் மேல்மருவத்தூர் பக்கம் ஒரு பைக் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தும், ‘ஒன்பதரைக்குள் கார்டு பஞ்ச் பண்ணணுமே’ என்று நிற்காமல் போனவன் நான். 1973-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் பிரின்ஸ்டன் என்ற ஊரில் ரெண்டு உளவியல்காரர்கள் ஒரு வேடிக்கை செய்து பார்த்திருக்கிறார்கள். பாதிரியார் படிப்பு படிக்கிற நாற்பது மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேசவேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! வழியில் ஒருத்தர் இருமிக்கொண்டு சுருண்டு கிடப்பதுபோல் நடிக்க ஏற்பாடு. ‘நேரம் நிறைய இருக்கு’ என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ‘லேட்டாயிடுச்சு, ஓடு ஓடு’ என்று துரத்தப்பட்டவர்களில் உதவியவர்கள் வெறும் 10 சதவீதம். சமாரியன் கதையைச் சொல்லப் போகிற அவசரத்தில் கீழே கிடந்தவரைத் தாண்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. நல்லவனா கெட்டவனா என்பதைவிட, அவசரத்தில் இருக்கிறானா இல்லையா என்பதுதான் கணக்கு.

அப்படியானால், அவசரமே இல்லாத ஆள் யார்?

கரும்புக்கு நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையிலிருந்து ஒரு உருவம் தள்ளாடிக்கொண்டு வந்தது. மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் துண்டு, கையில் சைக்கிள். அவர் சைக்கிளைத் தள்ளுகிறாரா, சைக்கிள் அவரைத் தாங்குகிறதா என்று சொல்லமுடியாத நடை. பத்தடி தூரத்திலேயே வாடை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் சாராயக் கடைகளை 1991-லேயே மூடிவிட்டார்கள். எங்கள் புதுச்சேரியில் இன்னமும் ஏலம் விட்டு நடக்கிறது. அந்தக் கடை ஒன்றிலிருந்துதான் ஐயா வருகிறார்.

‘ஆஹா, இது வேறயா!’ என்று நினைத்தேன். உதவி கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. என் வலது கை தானாகப் போய் பர்ஸைத் தொட்டுப் பார்த்தது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அப்பா பக்கத்தில் குந்தினார். தோளில் இருந்த துண்டை உதறி, நாலாக மடித்து, காயத்தின் மேல் அழுத்தி, இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். தள்ளாடின ஆளின் கை அந்த முடிச்சில் தள்ளாடவே இல்லை. “கரும்பு வெட்டுல தெனம் ஒருத்தன் அறுத்துக்குவான் சார். எனக்கு இது பழக்கம்” என்றார்.

அடுத்ததாக, அப்பாவின் இடது கையைத் தூக்கி, வாட்ச்சைக் கழற்றினார்.

கழற்றி, தன் மடியில் சொருகிக்கொண்டார்!

அது எச்.எம்.டி. ஜனதா. கல்யாணத்துக்குத் தாத்தா போட்டது. தினமும் காலையில் சாவி கொடுக்கவேண்டும். அந்த வாட்ச் கம்பெனியையே 2016-ல் மூட முடிவு பண்ணிவிட்டார்கள். அப்பா மட்டும் விடவில்லை. “யோவ், வாட்ச்...” என்று நான் ஆரம்பிப்பதற்குள் தூரத்தில் ‘டபடபடப’வென்று காது கிழிகிற சத்தம்.

மூன்று பையன்கள், ஒரே பைக்கில். சைலன்ஸரைப் பிடுங்கி எறிந்த வண்டி. தலையில் வரப்பு வெட்டியது மாதிரி கட்டிங், ஒருத்தன் முடியில் செம்பட்டைச் சாயம். ஊரில் அந்த வண்டி சத்தம் கேட்டாலே அப்பா வாசலுக்கு வந்து சாபம் கொடுப்பார். “இதுங்கல்லாம் உருப்படுமா?” போன பொங்கலுக்கு டீக்கடையில் நானும் என் பங்குக்கு அந்தப் பையன்களை முறைத்திருக்கிறேன்.

துண்டுக்காரர் நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றார். வண்டி நின்றது. செம்பட்டைத் தலை போனை எடுத்து அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்தான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “வீடியோவா எடுக்கறே?” என்று கத்தினேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “டார்ச் சார்” என்றான். மற்றவன் அதற்குள் 108-க்குப் பேசியிருந்தான். வண்டி வேறு ஒரு கேஸுக்குப் போயிருக்கிறதாம், வர நேரம் ஆகுமாம். அந்த வழியாகக் காலிக் காய்கறிக் கூடைகளோடு வந்த ‘குட்டி யானை’யை மடக்கினார்கள்.

டிரைவர் தயங்கினார். “ஏத்திக்கிறேன்பா. அப்பறம் போலீஸு, கேஸு, சாட்சின்னு என்னை அலைய உட்டா?”

செம்பட்டைத் தலை சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “அதெல்லாம் அந்தக் காலம்ணே. இப்ப பேரு, அட்ரஸ்கூடச் சொல்ல வேணாம். சட்டம் இருக்கு.”

பி.காம். படித்த எனக்கு அது தெரியாது! பிற்பாடு விசாரித்தேன். பையன் சொன்னது சரி. விபத்தில் அடிபட்டவரைக் கொண்டு போய்ச் சேர்க்கிறவரைத் துன்புறுத்தக்கூடாது என்று மத்திய அரசு கொண்டுவந்த வழிமுறைகளை, 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் கட்டாயம் ஆக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். உதவுகிறவர் விருப்பம் இல்லாமல் பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்தக்கூடாது. நல்லெண்ணத்தில் செய்த உதவியில் ஏதாவது தவறிப்போனாலும் அவர்மேல் வழக்குப் பாயாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், கொண்டு வந்து சேர்ப்பவருக்கு 5,000 ரூபாய் ஊக்கத்தொகைகூட அப்போது அறிவித்தார்கள். காரில் போன மூன்று பேருக்கும் இது தெரிந்திருக்காது என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் எனக்கும் மேல்மருவத்தூர் உறுத்தாது.

அப்பாவை ஏற்றினோம். துண்டுக்காரர்தான் தலைப்பக்கம் பிடித்தார். “கழுத்தை ஆட்டாம தூக்கு, டேய்!” ரெண்டு பையன்கள் என்னோடு பின்னால் ஏறிக்கொண்டார்கள். மூன்றாமவன் பைக்கில் முன்னால் பறந்தான். பொங்கல் முடிந்த சனிக்கிழமை, ஊருக்கு ஊர் கூட்டம். அந்தச் சைலன்ஸர் இல்லாத வண்டியின் சத்தத்துக்கு ஜனங்கள் திட்டிக்கொண்டே ரெண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். அந்த இடைவெளியில் நாங்கள் போனோம். அப்பா சபித்த சத்தம்தான் அன்றைக்கு அப்பாவுக்குச் சைரன்.

கோரிமேடு ஜிப்மர். தலையில் தையல், ஸ்கேன், மணிக்கட்டில் ஆபரேஷன். ரத்தம் தேவைப்படலாம், ஆள் ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள் என்றார்கள். ராத்திரி ஒரு மணிக்கு நான் யாரைக் கூப்பிட? ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பதினோரு பேர் கும்பிடு படம் அனுப்பினார்கள்.

மூன்று பையன்களும் போகவே இல்லை. ஒருத்தன் ஒரு நடிகரின் ரசிகர் மன்றம், ரெண்டு பேர் எதிர் நடிகரின் மன்றம். தலைவர் பிறந்தநாளுக்குத் தலைவர் பிறந்தநாள் ரத்தம் கொடுத்துப் பழக்கமாம். “எங்க தலைவர் ரத்தம்தான் மொதல்ல ஏறணும்” என்று வராண்டாவில் சண்டை போட்டுக்கொண்டு, காலையில் ரெண்டு பேர் கொடுத்தார்கள். மூன்றாமவன் எடை மிஷினில் ஏறினான்... 43 கிலோ. 45-க்குக் குறைந்தால் எடுக்கமாட்டார்கள். ஓடிப்போய் நாலு வாழைப்பழம் சாப்பிட்டு, ரெண்டு பாட்டில் தண்ணி குடித்துவிட்டு மறுபடி ஏறி நின்றான். நர்ஸம்மா சிரித்து, தோளில் தட்டி இறக்கி விட்டார். பயல் முகம் தொங்கிப் போனதைப் பார்க்கவேண்டுமே! பொதுத் தேர்வில் பெயிலானதற்குக்கூட அப்படி வருத்தப்பட்டிருக்க மாட்டான்.

இதுவரைக்கும் நான் நன்றாகத்தான் நடந்துகொண்டேன். விவகாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தது.

அம்மா வந்தாள். கூடவே மாமா. “அப்பா வாட்ச் எங்கடா?” என்று அம்மா கேட்டதும், ராத்திரி பூரா தூங்காத எரிச்சலில் என் வாயிலிருந்து வந்தது: “அந்தக் குடிகாரன் அடிச்சிட்டுப் போயிட்டான்.”

இருபத்தைந்து எழுத்துக்கூட இருக்காது. ஆனால் மாமாவுக்கு அது போதும். மாமா மீசை வைத்தவர். அந்த மீசைக்கு அவ்வப்போது வேலை கொடுக்கவேண்டும் என்று நினைப்பவர். நேராகப் பத்துக்கண்ணுப் பக்கம் போய், டீக்கடையில் விசாரித்து, வாய்க்கால் ஓரம் இருந்த அந்த ஆளின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். வாசலில் என் பைக் நின்றிருந்தது. ‘திருட்டுச் சொத்து’ கையும் களவுமாகச் சிக்கிவிட்டது! ஆள் வீட்டில் இல்லை. ஓடிப் போய்விட்டான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? மாமா தெருவே கேட்கிற மாதிரி அவர் சம்சாரத்திடம் கத்திவிட்டு, வாட்ச்சுக்கு ஈடாகச் சைக்கிளைப் பிடுங்கிக் குட்டி யானையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பைக்கின் மேல் பனி விழாமல் சாக்கு போர்த்தியிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம், “அடையாளம் தெரியாம இருக்க மூடி வெச்சிருக்கான்!”

வார்டில் எல்லோரும் தலையாட்டினோம். சாராயக்கடையிலிருந்து வருகிறவன் கையில் விழுந்தது திரும்பி வருமா?

உலகமே அப்படித்தான் தலையாட்டுகிறது போலிருக்கிறது. 40 நாடுகளில், 355 ஊர்களில், 17,000-க்கும் அதிகமான பர்ஸ்களைத் ‘தொலைத்து’ப் பார்த்த ஒரு ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஓட்டல், பேங்க், போஸ்ட் ஆபீஸ் மாதிரி இடங்களில் ‘ரோட்டில் கிடந்தது’ என்று கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். பணம் இல்லாத பர்ஸை உரியவருக்குத் தெரிவித்தவர்கள் சராசரியாக 40 சதவீதம். பணம் இருந்த பர்ஸுக்கு 51 சதவீதம். தலைகீழாக இருக்கிறதே! முன்கூட்டியே ஜனங்களிடம் கேட்டபோது, பணம் கூடக்கூடத் திரும்பி வருவது குறையும் என்றுதான் சொன்னார்கள். பொருளாதார மேதைகளும் சரியாகக் கணிக்கவில்லை. கண்டுபிடித்த காரணங்களில் ஒன்று, ‘நான் திருடன்’ என்று தனக்குத் தானே தோன்றுவதை மனுஷனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பது.

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய கதையே நடந்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துப் பூல்பாண்டியன், யாசகம் எடுத்தவர். 2020 கொரோனா ஊரடங்கில் மதுரையில் மாட்டிக்கொண்டார். அந்த மே மாதம் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் நிவாரண நிதிக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தார். அதோடு விடவில்லை. பத்துப் பத்தாயிரமாக ஆகஸ்டுக்குள் 90,000 ரூபாய் கொடுத்துவிட்டார். அழுக்கு வேட்டியும் தாடியுமாக அந்த மனுஷர் எதிரே வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அதே பர்ஸைத் தொட்டுத்தான் பார்த்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். வார்டு மாடிப்படியில் டிபன் கேரியரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே செக்யூரிட்டியிடம் ஒருத்தர் மன்றாடிக்கொண்டிருந்தார்.

“திருக்கனூர்ப் பெரியவருங்க. மண்டையில கட்டு.”

“யோவ், இங்க பாதிப் பேருக்கு மண்டையில கட்டுதான்யா. பேரு சொல்லு.”

“பேரு தெரியாதுங்க.”

துவைத்த சட்டை. எண்ணெய் தேய்த்துச் சீவின தலை. வாடையே இல்லை. அந்தத் தோளில் துண்டு இல்லாததை வைத்துத்தான் எனக்கே அடையாளம் தெரிந்தது. துண்டு அப்பா தலையோடு போனதுதானே.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்திருக்கிறார். அவசரப் பிரிவில் தேடியிருக்கிறார். நாங்கள் அதற்குள் வார்டுக்கு மாறிவிட்டோம். திங்கட்கிழமை மறுபடியும் வந்து, வார்டு வார்டாக எட்டிப் பார்த்திருக்கிறார். பேர் தெரியாமல் ஜிப்மரில் ஒரு நோயாளியைத் தேடுவது என்றால் சும்மாவா? அது கரும்பு வெட்டு சீசன். மூன்று நாள் கூலி போயிருக்கிறது.

மடியை அவிழ்த்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய வாட்ச்சை எடுத்தார். ஓடிக்கொண்டிருந்தது!

“தெனம் காலையில சாவி குடுத்துடுவேன் சார். ஓடாம குடுத்தா, உடைச்சுட்டேன்னு நெனைப்பீங்கல்ல?”

எனக்குப் பேச்சு வரவில்லை. “ஏன் கழட்டினீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“கை வீங்க ஆரம்பிச்சிடுச்சே. இறுகிக்கிச்சின்னா அப்பறம் வெட்டித்தான் எடுக்கணும். வண்டில ஏத்தற அவசரத்துல மடியிலயே நின்னு போச்சு.”

அப்புறம் டாக்டரிடம் கேட்டேன். அதையேதான் அவரும் சொன்னார். கையில் எலும்பு முறிந்தால் முதல் வேலையாக வாட்ச், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடவேண்டும். வீக்கம் ஏறினால் விரலுக்கு ரத்தம் போவதே நின்றுவிடும்.

“ஞாயித்துக்கிழமை எங்க மாமா...” என்று இழுத்தேன்.

“தெரியும் சார். ராத்திரி வீட்டுக்குப் போனதும் சொன்னா. சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டாராம்.”

“வாட்ச்சை அவர்கிட்டயே குடுத்து, சைக்கிளை வாங்கியிருக்கலாமே?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “பெரியவர் கையிலேர்ந்து கழட்டினது. பெரியவர் கையிலதானே சார் கட்டணும்?”

மேலே கூட்டிக்கொண்டு போனேன். அப்பா வாட்ச்சை வலது கையால் வாங்கி, காதில் வைத்துக் கேட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம் ஸ்லோ.”

“அது என் தப்பில்லைங்கய்யா!” என்றார் அவர் பதறிப்போய். முழு வார்டும் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

படியில் இறங்கும்போது ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். (இந்தப் புத்தி எங்கிருந்துதான் வருகிறதோ!) அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பஸ்ஸுக்கு மட்டும் குடுங்க சார். மூணு நாளா கையில காசில்ல.” பஸ்ஸுக்குச் சரியாக வாங்கிக்கொண்டார். “மிச்சத்தைக் குடுத்தீங்கன்னா சாயந்திரம் கடைக்குத்தான் போவேன். பொய் சொல்லமாட்டேன்.”

“அன்னிக்கு நீங்களும் கூட வந்திருக்கலாமே?”

“உங்க வண்டி ரோட்டுல கெடந்துச்சே சார். வந்திருந்தா எவனாவது தள்ளிக்கினு போயிருப்பான். ஊரு கெட்டுக் கெடக்குது.”

புதன்கிழமை சைக்கிளோடு போனோம். நானும் மாமாவும். மாமா ஒரு சீப்பு வாழைப்பழமும் புதுத் துண்டு ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். வழி நெடுக மீசையைத் தடவிக்கொண்டே வந்தவர், வாய்க்கால் வந்ததும் கையை எடுத்துவிட்டார். வாசலில் அவர் சம்சாரம் நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. ‘மன்னிச்சுக்கங்க’ என்று நான் சொன்னதற்கும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், சைக்கிளைப் பார்த்துச் சொன்னார்:

“ரெண்டு நாளா புள்ளைங்க பள்ளிக்கூடம் போவல. ‘உங்கப்பன் வாட்ச் திருடன்’னு சொல்லுதுங்களாம். நீங்க சைக்கிளைக் குடுத்துட்டீங்க. அதை யாரு போயி இல்லன்னு சொல்றது?”

டீக்கடையில் போய் நானே சொல்கிறேன் என்றேன். சொன்னேன். பள்ளிக்கூட வாசலுக்கும் போனேன். ஆனால் மாமா கத்தியது எத்தனை பேர் காதில் விழுந்ததோ, நான் சொன்னது அத்தனை பேர் காதில் விழுந்திருக்குமா? எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

மாமாவுக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது. துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “கரும்பு இந்த வருஷம் எப்படி?” என்றார்.

“பரவால்லிங்க” என்றார் அவர். எங்கள் பக்கத்தில் ரெண்டு ஆண்பிள்ளைகள் சமாதானம் ஆவது அவ்வளவுதான்.

பிறகு சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். செயினைப் பார்த்தார், டயரை அமுக்கினார், ஹேண்டில்பாரில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“சார்... இதுல ஒரு பெல் இருந்துச்சே?”

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சம்சாரம் மாமாவைப் பார்த்தார். திண்ணையிலிருந்து ரெண்டு பிள்ளைகளும் மாமாவைப் பார்த்தன. மாமாவுக்கு வேர்த்துவிட்டது.

“சாமி சத்தியமா நான் எடுக்கலப்பா!”

“நீங்க எடுத்தீங்கன்னு யாருங்க சொன்னது?” என்றார் அவர்.

பெல் அன்றைக்கு ராத்திரியே கிடைத்துவிட்டது, மாமாவின் பேரன் ஸ்கூல் பையில். வியாழக்கிழமை காலை, யாரும் சொல்லாமலே, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாமா தனியாகக் கிளம்பிப் போனார்.